பின்பனிக் காலத்துப் பாலை

தை மாதத்தில் திருப்பூர் கோடைக்கான துணியைத் தைத்துக்கொண்டிருக்கும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சித்திரை வாக்கில் கடைக்கு வரவேண்டிய அரைக்கை பனியன்களும் குழந்தை உடுப்புகளும், பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு கம்பெனிகளில் மிஷின் ஏறும். இந்த ஊரின் பிழைப்பு பருத்திப் பின்னலாடையில் இருப்பதால் குளிர்காலத்து ஆர்டர் இங்கே எப்போதுமே கொஞ்சம் இளைத்ததுதான். அந்தப் பருவத்துக்கான செயற்கை இழைத் துணியை வேறு நாடுகள் எடுத்துக்கொள்கின்றன. இதை மாற்ற வேண்டும் என்று ஏற்றுமதியாளர்கள் பல ஆண்டுகளாகப் பேசுகிறார்கள், மெல்ல மாறியும் வருகிறது. எப்படியானாலும், வெளிநாட்டார் குளிருக்கு ஒடுங்கியிருக்கும் மாதங்களில் அவர்களுடைய வெயில்காலத்தைத் தைத்து வைப்பது எங்கள் வேலை. ஊருக்கென்று சொந்தமாக ஒரு பருவம் கிடையாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சில நாட்கள் மிஷின் ஓடாது, ரோட்டில் ஆள் இருக்காது. எங்கள் குளிர்காலம் என்பது அவ்வளவுதான்.

அதே தை மாதத்தில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் குவார்ட்ஸைட் என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள பாலைவனத்தில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் தங்கள் வீட்டு வண்டியை நிறுத்திவிட்டு, வெயில் விழும் பக்கமாக மடக்கு நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைப் போலப் பல்லாயிரம் பேர். ஊரின் நிரந்தரக் குடிகள் 2,400 பேர்தான். குளிர்காலத்தில் வந்துபோகிறவர்களோ லட்சக்கணக்கில். கனடாவிலிருந்தும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலிருந்தும் பனிக்குத் தப்பி இறங்கி வருகிறவர்கள் இவர்கள். பனிப்பறவைகள் என்று அவர்களுக்கு ஒரு பெயரும் உண்டு. அரசின் நில மேலாண்மைத் துறை, ஊருக்குத் தெற்கே லா போசா என்ற இடத்தில், ஆயிரக்கணக்கான ஏக்கர் பொட்டல் வெளியை இவர்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. 1980களில் தொடங்கிய ஏற்பாடு. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதம் தங்க 180 டாலர் என்பது நீண்ட காலமாக இருந்த கட்டணம். நாளைக்கு ஒரு டாலர்கூட ஆகவில்லை. தண்ணீர் பிடித்துக்கொள்ள ஓர் இடம், கழிவுத் தொட்டியைக் காலி செய்ய ஓர் இடம், குப்பை போட ஓர் இடம். மற்றதெல்லாம் வண்டிக்குள் இருக்கிறது: அடுப்பு, படுக்கை, கூரையில் சூரியத் தகடு. குடிநீருக்கு ஒரு தொட்டி, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒரு தொட்டி, கக்கூஸுக்கு ஒரு தொட்டி.

அந்த ஊரின் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சிறிய கல் பிரமிடு இருக்கிறது. உச்சியில் உலோகத்தால் ஆன ஒட்டகம். 1856இல் அமெரிக்க ராணுவம் பாலைவனப் போக்குவரத்துக்கு ஒட்டகங்களைப் பழக்கிப் பார்த்தபோது, அவற்றை மேய்க்கச் சிரியப் பக்கத்திலிருந்து வந்த ஹாஜி அலி என்பவருடைய சமாதி அது. திட்டம் தோற்றது, ஒட்டகங்கள் சிதறின, மனிதர் அங்கேயே இருந்து 1902இல் இறந்தார். குளிர்காலத்து விருந்தாளிகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பாலைக்கு நெடுந்தூரத்திலிருந்து பிழைக்க வந்து, போக்கிடமின்றித் தங்கியவரின் கதை, சுகமாகத் தங்க வருகிறவர்களின் வழியில் கிடக்கிறது.

பாலை, அதில் ஓர் ஆணும் பெண்ணும் என்றதும் தமிழ் படித்தவன் மனம் சங்க அகப்பாடல்களுக்குத்தான் ஓடும். அங்கே பாலைத் திணையின் உரிப்பொருள் பிரிவு. அவன் பொருள் தேடிச் சுரம் கடந்து போகிறான், அவள் வீட்டில் இருக்கிறாள். அதே சுரத்தில்தான் உடன்போக்கும் நடக்கிறது. ஊருக்குத் தெரியாமல் இருவரும் சேர்ந்து நடந்துபோவதும், செவிலித்தாய் தேடிக்கொண்டு பின்னால் போவதும் பாலைப் பாட்டுக்கள்தான். பிரிந்து போகவும் சேர்ந்து போகவும் ஒரே நிலம். தொல்காப்பியர் பாலைக்கென்று தனி நிலம் வகுக்கவில்லை, பொழுதைத்தான் வகுத்தார். வேனிலும் நண்பகலும் என்று சொன்னவர் அத்தோடு விடாமல் பின்பனியும் அதற்கு உரியது என்று ஒரு நூற்பாவைச் சேர்த்திருக்கிறார். மாசியும் பங்குனியும் கொண்ட பருவம் அது. படித்த காலத்தில் இது ஏதோ ஒட்டாமல் நிற்பதாகவே எனக்குப் பட்டது. பனிக்கும் பாலைக்கும் என்ன சம்பந்தம்? இப்போது அரிசோனாவில் பகலில் இதமான வெயிலும் இரவில் பல்லைக் கிட்டும் குளிருமாக இருக்கும் அந்தப் பொட்டலைப் பற்றிப் படிக்கிறபோது, பனிக்காலத்துப் பாலை ஒன்றும் முரண் இல்லை என்று தெரிகிறது.

ஆனால் அகப்பாட்டின் பாலையில் நடக்கிறவர்கள் இளையவர்கள். முதிய தம்பதிக்கு அங்கே வேலை இல்லை. அவர்களுக்குத் தொல்காப்பியர் கற்பியலில் ஓர் இடம் தருகிறார். இன்பம் துய்த்து முடித்த காலத்தில், பிள்ளைகளோடும் அறம் விரும்பும் சுற்றத்தோடும் கூடி, தலைவனும் தலைவியும் சிறந்ததைப் பழகுவதே அதுவரை வாழ்ந்ததன் பயன் என்பது அதன் கருத்து. நல்ல கருத்துத்தான். ஆனால் அதில் பிள்ளைகள் இருக்கிறார்கள், சுற்றம் இருக்கிறது. இருவர் மட்டும் தனியாக இல்லை. நம்முடைய முதுமை அன்றைக்கே ஜனக்கூட்டத்துக்கு நடுவில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்கிறவர்களைப் பாருங்கள். முதல் கல்யாணத்துக்கு வந்ததைவிட அதிகம் பேர் பந்தியில் இருப்பார்கள்.

குவார்ட்ஸைட்டைச் சொர்க்கம் என்று நினைத்துவிடக் கூடாது. 2017இல் வெளிவந்த ஜெசிகா ப்ரூடரின் 'நோமாட்லேண்ட்' அதன் மறுபக்கத்தைச் சொல்லும் புத்தகம். க்ளோயி ஜாவ் இயக்கத்தில் அது படமாகி, 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. 2008இன் நிதி நெருக்கடியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்து, பழைய வேன்களுக்குக் குடிபெயர்ந்த அறுபது, எழுபது வயதுக்காரர்கள் அதில் வருகிறார்கள். ஒரு பருவத்தில் முகாம் மைதானங்களில் காவல், இன்னொரு பருவத்தில் சர்க்கரைக் கிழங்கு அறுவடை, பிறகு கிறிஸ்துமஸ் வரை அமேசான் கிடங்குகளில் சரக்கு அடுக்கும் வேலை. வண்டியில் வாழும் இத்தகைய ஆட்களுக்கென்றே அந்த நிறுவனம் 'கேம்பர்ஃபோர்ஸ்' என்று ஒரு திட்டம் நடத்தியது. கிறிஸ்துமஸ் முடிந்து, மூட்டு வலியோடும் கையில் கொஞ்சம் காசோடும் அவர்கள் பாலைக்கு இறங்குவார்கள். பக்கத்து வண்டியில் ஓய்வூதியத்தோடு வந்தவர் இருப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளை வண்டிதான்.

இந்தப் புத்தகத்தைத் திருப்பூரில் உட்கார்ந்து படிக்கிறவனுக்கு ஒரு கணக்கு உறுத்தும். கிறிஸ்துமஸ் விற்பனைக்குப் போகும் சரக்கு ஆவணி, புரட்டாசியிலேயே தூத்துக்குடியில் கப்பல் ஏறிவிடும். இங்கே அறுபது வயது அம்மா ஒருவர் பிசிறு வெட்டி, செக்கிங் முடித்து, மடித்துக் கவரில் போட்ட பனியனை, அங்கே அறுபது வயது அம்மா ஒருவர் கிடங்கில் எடுத்து ஸ்கேன் செய்திருக்கலாம். இருவருக்கும் கால் வீங்கியிருக்கும். அங்கே உள்ளவருக்கு மாதா மாதம் அரசின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் வருகிறது. சராசரியாக 2,000 டாலரை ஒட்டி என்பது 2025 நிலவரம். அந்த நாட்டில் அதை வைத்து வாடகை வீட்டில் இருக்க முடியாது என்பதால்தான் வண்டி.

இங்கே உள்ளவருக்கு? பிஎஃப் பிடித்த கம்பெனியில் பத்து வருஷம் பதிவு இருந்தால் பென்ஷன் உண்டு. அதன் குறைந்தபட்சத் தொகை 2014இல் 1,000 ரூபாய் ஆனது. நாலு கம்பெனி மாறி, இடையில் கான்ட்ராக்டில் பீஸ் ரேட்டுக்குத் தைத்தவர்களுக்கு அந்தப் பத்து வருஷமே சேருவதில்லை. அதற்கும் வழியில்லாதவர்களுக்கு முதியோர் உதவித்தொகை. 2023இல் அது 1,200 ஆனது. ஆகவே திருப்பூரில் யாரும் 'ரிட்டயர்' ஆவதில்லை, கண் தெரியாமல் போனதும் மிஷினை விட்டு இறங்குகிறார்கள், அவ்வளவுதான். பேட்லாக், ஓவர்லாக் ஓட்டியவர் கம்பெனி வாசலில் வாட்ச்மேன் ஆகிறார். கைமடியில் தொடங்கி செக்கிங் வரை போன பெண், வீட்டிலேயே பிசிறு வெட்ட மூட்டை வாங்குகிறார், அல்லது வேஸ்ட் குடோனில் கலர் வாரியாகத் துணி பிரிக்கிறார். 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியச் சரக்கின் மீது 50 சதவீத வரியை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது ஆர்டர்கள் நின்றன. பலருக்கு ஓய்வு கிடைத்தது, வேண்டாத ஓய்வு.

எங்கள் லைன் வீட்டுக்கு எதிரில் இப்படி ஒரு தம்பதி இருக்கிறார்கள். மூலனூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமான புதிதில் வந்தவர்கள். அவருக்கு ராத்திரி வாட்ச்மேன் வேலை. அந்த அக்கா பகலில் பிசிறு வெட்டுவார், மகள் கம்பெனிக்குப் போவதால் பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக் கூட்டி வருவார். அவர் வீடு திரும்பும்போது இவர் பேத்திக்குச் சடை பின்னிக்கொண்டிருப்பார். இவர் படுக்கப் போகும்போது அவர் டார்ச்சைத் தேடிக்கொண்டிருப்பார். குவார்ட்ஸைட் வண்டி வாழ்க்கை பற்றிய ஒரு வீடியோவை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குப் போனில் காட்டினேன். வயதான வெள்ளைக்காரத் தம்பதி, வண்டிக்குள் முட்டை பொரித்து, வெளியே கொண்டுவந்து சாப்பிடுகிறார்கள்.

"இவிங்க வீட்டுல ஆருங் தம்பி இருக்கறாங்க?" என்றார் அக்கா. அதுதான் முதல் கேள்வி.

வீட்டை விற்றுவிட்டு வண்டியே கதி என்று இருப்பவர்களும் உண்டு என்றேன்.

"வித்துப்போட்டா, அப்பறம் செத்தா எங்கீங்க கொண்டுபோய் போடறது?"

எனக்குப் பதில் வரவில்லை. திருப்பூரில் வாடகைக்கு இருக்கிறவர்களுக்குத்தான் அந்தக் கேள்வியின் எடை தெரியும். லைன் வீட்டில் பிணத்தை இறக்க வீட்டுக்காரர் பெரும்பாலும் சம்மதிக்க மாட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்ஸ் நேராகச் சொந்த ஊருக்குப் போகும். அந்த ஒரு நாளுக்காகவே ஊரில் ஓட்டு வீட்டை ஒழுகாமல் வைத்திருக்கிறவர்கள் ஆயிரம் பேர். நாற்பது வருஷம் வாழ்ந்த இடத்தில் ஒரு வாசல் இல்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் அவர்களும் குடியிருப்பது வண்டியில்தான், என்ன, சக்கரம் இல்லை.

அண்ணனுக்கு வேறு கவலை. "டீசலு மாசத்துக்கு எவ்வளவுங்க ஆகும்?" நிறுத்தியே வைத்திருந்தால் ஆகாது என்றேன். அக்கா வீடியோவை மறுபடி ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "அத்தன சின்ன எடத்துல ரெண்டு பேரும் சண்ட கட்டிக்கிட்டா ஒருத்தரு எங்க போயி உக்கோருவாங்க?" என்றார்.

"அதுக்குத்தான அத்தாம்பெரிய காடு கெடக்குது, அம்மிணி."

சிரித்துவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வியை நான் விடவில்லை. ஏனென்றால் சண்டை போட்டுக்கொள்ளும் அளவுக்கு ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அவர்கள் இருவரும் இருந்து பல காலம் ஆகிறது. அந்தப் பாலைவன வண்டியில் என்னைக் கவர்வது பாலைவனமும் இல்லை, வண்டியும் இல்லை. கணவனையும் மனைவியையும் முதுமையில் பிரிக்காத ஓர் ஏற்பாடாக அது இருக்கிறதே, அதுதான். பணக்காரர், ஏழை என்ற பேதம் இல்லாமல் இந்த விஷயத்தில் நாம் எல்லோரும் பிரிகிற ஜாதி. தோட்டம் உள்ள குடும்பம் என்றால், பேரன் பிறந்ததும் ஆத்தா பெங்களூருக்கோ கலிபோர்னியாவுக்கோ போகிறார். மாட்டுக்குத் தீனி போடவும் ரெண்டு வேளை பால் பீச்சவும் அய்யன் தோட்டத்தில் நிற்கிறார். இரண்டு மகன்கள் என்றால் ஆளுக்கொருவராகப் பங்கு வைத்துக்கொள்ளும் வீடுகளும் இருக்கின்றன. அப்படிப்பட்ட பாகப்பிரிவினையை எந்தப் பத்திரத்திலும் எழுதுவதில்லை. அமெரிக்காவுக்குச் சேர்ந்தே போகிற பெற்றோரும் விசா தரும் ஆறு மாதத்தைப் பெரும்பாலும் கோடையில்தான் கழிக்கிறார்கள். பனிக்கு அஞ்சிப் புரட்டாசிக்குள் திரும்பிவிடுவார்கள். குவார்ட்ஸைட்டுக்கு வண்டிகள் வந்து சேரும் நேரத்தில் நம் ஆட்கள் கோவை விமான நிலையத்தில் இறங்கிக்கொண்டிருப்பார்கள்.

வானப்பிரஸ்தம் பற்றி மனு சொல்லும் இடத்தில் இரண்டு வழி இருக்கிறது. காட்டுக்குப் போகிறவன் மனைவியைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாம், கூட்டிக்கொண்டும் போகலாம். அவளைக் கேட்க வேண்டும் என்று அங்கே இல்லை. நாம் முதல் வழியை எடுத்துக்கொண்டு காட்டை மட்டும் விட்டுவிட்டோம்.

தனியாக இருப்பது என்றால் இங்கே இப்போது வேறு பொருளும் ஏறியிருக்கிறது. 2024 நவம்பர் இறுதியில், பல்லடத்துக்குப் பக்கத்தில் சேமலைக்கவுண்டம்பாளையத்தில், தோட்டத்து வீட்டில் இருந்த வயதான தம்பதியும் அவர்கள் மகனும் ஒரே இரவில் கொல்லப்பட்டார்கள். 2025இல் ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பக்கம் தோட்டத்து வீட்டில் தனியே இருந்த இன்னொரு முதிய தம்பதி. கொங்கு நாட்டின் குடியிருப்பு முறையே தோட்டத்துக்கு நடுவில் ஒற்றை வீடு. கூப்பிடு தூரத்தில் அடுத்த வீடு இருக்காது. பண்ணையம் செழித்த காலத்தில் அங்கே ஆள்காரர்கள் இருந்தார்கள், பிள்ளைகள் இருந்தார்கள், நாலு நாய் இருந்தது. இப்போது பிள்ளைகள் திருப்பூரில், ஆட்கள் கம்பெனியில். அந்த இரண்டு சம்பவங்களுக்குப் பிறகு கேமராவும் போலீஸ் ரோந்தும் வந்தன. மகன்கள் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் போட்டு, கதவைத் தாழ் போட்டாச்சா என்று கேட்கிறார்கள். ஆளில்லாத அந்நியப் பாலைவனத்தில் பூட்டுகூடச் சரியில்லாத வண்டியில் இருவர் தூங்க முடிகிறது, சொந்த நிலத்தில் கட்டிய கான்கிரீட் வீட்டில் இருவர் தூங்க முடியவில்லை. அமெரிக்காவில் குற்றம் இல்லை என்பதல்ல. ஆனால் அங்கே ஓர் இடத்தைக் குறித்து, பெயர் பதிந்து, பக்கத்தில் ஆயிரம் வண்டி இருக்கும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். தனிமை வேண்டும் என்கிறவர்களும் கூட்டத்தின் விளிம்பில்தான் வண்டியை நிறுத்துகிறார்கள்.

இதெல்லாம் நமக்குத் தெரியாத கலை இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் காங்கயம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்தில் கொறங்காடு என்று ஒன்று உண்டு. கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமுமாக வளரவிட்ட மேய்ச்சல் நிலம். ஐப்பசி மழை சரியாகப் பெய்தால் முல்லை, பெய்யாவிட்டால் பங்குனியிலேயே பாலை. முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலை ஆகும் என்று இளங்கோ சொன்னதை நிரூபிக்க இங்கே ஒரு வருஷ வறட்சி போதும். அறுவடை முடிந்த காட்டில் எருவுக்காக ஆட்டுப்பட்டி போடுவார்கள். மூங்கில் படல்களை வட்டமாக நட்டு, இரவெல்லாம் ஆடுகள் உள்ளே கிடக்க, வெளியே ஒரு கயிற்றுக் கட்டில். சில நாள் கழிந்ததும் படலைப் பிரித்து அடுத்த துண்டு நிலத்துக்கு நகர்த்துவார்கள். மார்கழிப் பனியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அங்கே படுத்திருந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள்தான். நட்சத்திரத்தை வைத்து மணி சொல்வார்கள். அவர்களுக்குச் சோற்றுப்போசி கொண்டுபோன மனைவி இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்புறம் பழனி. தைப்பூசத்துக்குக் கூட்டு வண்டி கட்டி, அரிசி பருப்பு, பாத்திரம், விறகு எல்லாம் ஏற்றி, ஆற்றங்கரையிலும் மரத்தடியிலும் இறங்கிப் பொங்கித் தின்று போன யாத்திரையை எங்கள் அப்பாரு தலைமுறை விவரிக்கக் கேட்டிருக்கிறேன். கட்டுச்சோறு முதல் நாளுக்கு மட்டும்தான், பிறகு வழியில் அடுப்பு. இன்றைக்கும் எடப்பாடி பர்வதராஜகுலத்தார் காவடிகளோடு நடந்து வருகிறார்கள். மலைமேல் இரவு தங்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அங்கேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் தயாராகும். திருப்பூரிலிருந்து தாராபுரம் வழியாகப் போனால் பழனி எண்பது கிலோமீட்டர் சுமார். தை மாதத்தில் அந்தச் சாலை முழுக்கப் பச்சையும் காவியுமாக நகர்ந்துகொண்டிருக்கும். அன்னதானப் பந்தல், தண்ணீர்த் தொட்டி, சுளுக்குத் தைலம், படுக்கத் தார்ப்பாய். லா போசாவில் துறையொன்று ஏழு மாதத்துக்குச் செய்துவைப்பதை இங்கே ஊர்க்காரர்கள் பத்து நாளுக்குச் செய்துவைக்கிறார்கள், கட்டணம் இல்லாமல். கழிப்பறை மட்டும் எப்போதும் போதாது. பெண்கள் இருட்டும் வரை தண்ணீர் குடிக்காமல் நடக்கிறார்கள்.

நகர்வது நமக்கு வரும், இருவராக நகர்வதுதான் வராது. 2022 ஜூன் 14 அன்று நாட்டின் முதல் பாரத் கௌரவ் தனியார் சுற்றுலா ரயில் கோவை வடக்கிலிருந்து சீரடிக்குப் புறப்பட்டபோது திருப்பூரில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டது. அத்தகைய ரயில்களிலும், சமையல்காரரைக் கூடவே கூட்டிப்போகும் காசி டூர் பஸ்களிலும் பார்த்தால் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆன கணவன் மனைவி அடுத்தடுத்த சீட்டில் உட்கார்ந்து போவதற்கு ஏதோ கூச்சம். அறநிலையத் துறை 2024இல் தொடங்கிய அறுபடை வீட்டு இலவசப் பயணத்துக்கு அறுபது முதல் எழுபது வயதுக்காரர்கள் விண்ணப்பிக்கலாம். நல்ல திட்டம். அதுவும் கோயிலுக்கு. கோயில் என்று சொன்னால்தான் வீட்டை விட்டுக் கிளம்ப நமக்கு அனுமதி கிடைக்கிறது, முக்கியமாகப் பெண்களுக்கு. சும்மா உட்கார்ந்து வெயில் காயத் தார் பாலைவனத்துக்குப் போகிறேன் என்று ஓர் ஆத்தா சொன்னால், மருமகள் டாக்டரிடம் அழைத்துப்போவாள்.

சும்மா போனவர்களும் இருந்தார்கள். கொச்சியில் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்ற சிறு டீக்கடை நடத்திய கே.ஆர். விஜயனும் அவர் மனைவி மோகனாவும் தினம் 300 ரூபாய் எடுத்து வைத்து, போதாததற்குக் கடன் வாங்கி, வெளிநாடு போனார்கள். திரும்பி வந்து டீ ஆற்றிக் கடனை அடைத்து, அடுத்த நாட்டுக்குப் புறப்பட்டார்கள். 2007இல் தொடங்கியது. 2021 நவம்பரில் விஜயன் காலமாவதற்குச் சில வாரம் முன்பு ரஷ்யாவிலிருந்து திரும்பியிருந்தார்கள். அதுவரை 26 நாடுகள். பென்ஷன் இல்லை, விடுமுறைச் சம்பளம் இல்லை, கடையைப் பூட்டினால் அன்றைக்கு வருமானம் இல்லை. செய்தித்தாள்கள் அதை உழைப்பின் வெற்றியாக எழுதின. நான் அதை வேறு மாதிரி படிக்கிறேன். ஒரே கடையில், ஒரே அடுப்புக்கு முன்னால், நாளெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் நின்று பழகியவர்கள் அவர்கள். திருப்பூரின் தம்பதிகளைப் போல வேறு வேறு ஷிஃப்டில் இருந்திருந்தால் ரஷ்யா போவது பற்றி எந்த நேரத்தில் பேசியிருப்பார்கள்?

கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று கொள்கை வகுத்து, 'கேரவன் கேரளா' என்று பெயர் வைத்தது. குளிர்சாதன வண்டிகள், நிறுத்துமிடப் பூங்காக்கள் என்று அதன் படங்களைப் பார்த்தால் அழகாக இருக்கிறது. வாட்ச்மேன் சம்பளத்துக்கு எட்டுகிற சரக்கு இல்லை அது. எங்கள் பக்கத்தில் வீட்டு வண்டிக்கு நெருக்கமான ஒன்று உண்டென்றால் அது மாருதி ஆம்னி வேன்தான். கம்பெனிக்குக் கட்டிங் துணி ஏற்றியது, கல்யாணத்துக்குச் சனம் ஏற்றியது, பின் சீட்டைக் கழற்றினால் இருவர் கால் நீட்டிப் படுக்கலாம். 2019இல் தயாரிப்பை நிறுத்தினாலும் பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன.

இதை எதிர்வீட்டு அண்ணன் என்னைவிட நன்றாக அறிந்து வைத்திருந்தார். வீடியோ பார்த்த சில நாளில் அவரே வந்தார். தெரிந்தவரிடம் ஒரு ஆம்னி இருக்கிறதாம், பொங்கல் லீவில் கம்பெனி அடைத்திருக்கும், வாட்ச்மேன் வேலைக்கு மாற்று ஆள் சொல்லிவிடலாம், பேத்தியை மகள் பார்த்துக்கொள்வாள். மூலனூர் போய், அமராவதி ஆற்றோரம் ஒரு ராத்திரி, பழனியில் ஒரு ராத்திரி, கொடைக்கானல் அடிவாரம் வரை. கேஸ் ஸ்டவ் சின்னது இருக்கிறது. "நாங்க ரெண்டு பேருதானுங்க" என்று இரண்டு தடவை சொன்னார்.

அக்கா பிசிறு மூட்டையிலிருந்து தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"போலாம். ஆனா ஏனுங்க, அத்தன தூரம் போறம், எங்கக்காள உட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்? அக்கா வந்தா மச்சாண்டாரும் வருவாரு. உங்க தங்கச்சி பழனிக்கு மொட்டை போடோணும்னு ரெண்டு வருசமா சொல்லிக்கிட்டிருக்குது."

ராத்திரிக்குள் ஒன்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். டெம்போ டிராவலருக்கு ஒரு நாள் வாடகை எவ்வளவு என்று அண்ணன் இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறார்.